எஞ்சினுக்குள் தண்ணீர் நிற்கக் கூடாது

ஒக்ரோபர் 5, 2024, சனி

கனடாவின் ஒன்ராறியோவில் இருக்கும் ஸ்கூகொக் ஏரியில் இந்த வருடத்துக்கான கடைசி ஓட்டம் இன்று. போர்ட் பெரியில் போட்டை இறக்கும்போது ஏரிக்கு மேல் புகை மாதிரிப் பனி. அப்பாவுக்கு 79 வயது. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக் கடலில் முப்பது வருடம் தொழில் செய்தவர், இங்கே லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு முன்பக்கத்தில் இருந்தார். நாலு பெர்ச் மீன் கிடைத்தது. அவருக்கு அது போதும்.

ஆழமில்லாத ஏரி, எங்கே பார்த்தாலும் பாசி. கரையேறியதும் போட்டை ஏற்றும் றெய்லரிலும், தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலிலும் ஒட்டியிருந்த பாசி முழுவதையும் பிடுங்கி, போட்டின் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்தோம். 2022 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். ஓர் ஏரியின் களையும் சிப்பியும் இன்னோர் ஏரிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலைதான்.

ஒக்ரோபர் 13, 2024, ஞாயிறு

எங்களுடையது போட்டின் பின்னால் மாட்டும் 9.9 குதிரைவலு, நாலு ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர் எஞ்சின், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபிறேற்றர் உள்ளது. வீட்டின் வெளித் தண்ணீர்க் குழாயைக் குளிர்காலத்துக்கு மூடுவதற்கு முன் எஞ்சினைக் கழுவி முடிக்க வேண்டும் என்று இன்று தொடங்கினேன்.

முதலில் பெற்றோல். இங்கே பம்பில் அடிக்கும் பெற்றோலில் பத்து வீதமளவு எத்தனோல் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அளவு மீறினால் எத்தனோலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். காபிறேற்றரின் ஊசித் துளைகளில் பழைய பெற்றோல் காய்ந்து பிசினாகிவிட்டால் வசந்தத்தில் எஞ்சின் எழும்பாது. அதனால் போத்தலில் சொன்ன அளவுக்கு, பெற்றோல் பழுதாகாமல் காக்கும் ஸ்ரெபிலைசர் ஊற்றிக் கலக்கினேன். தாங்கிக்குள் ஊற்றினால் மட்டும் போதாது, எஞ்சினை ஓடவிட்டு அந்தப் பெற்றோலைக் காபிறேற்றர் வரைக்கும் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, தண்ணீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம் கருகிவிடும். தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் காதுமூடி மாதிரி இரண்டு ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி, தோட்டக் குழாயைப் பூட்டினேன். காற்றாடி (புரொப்பெல்லர்) சுழன்று கையை வெட்டிவிடாமல் இருக்க முதலிலேயே அதைக் கழற்றினேன். அப்போதுதான் கண்டேன்: தண்டைச் சுற்றி இறுகிக் கிடந்தது தூண்டில் நூல். ஓகஸ்டில் ஒரு நாள் நூல் அறுந்து போனது ஞாபகம் வந்தது. அன்றைக்கே கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

பதினைந்து நிமிடம் ஓட்டினேன். பக்கத்துச் சின்னத் துளையால் தண்ணீர் சீராகப் பீச்சியது. சூடு ஆறுமுன் எஞ்சின் ஒயிலை மாற்றினேன். ஓடிக் கறுத்த ஒயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அதை ஆறு மாதம் பெயரிங்குகளோடு ஊறவிடுவது தவறு, மாற்றுவதென்றால் இலையுதிர் காலத்தில்தான் மாற்ற வேண்டும்.

எஞ்சின் காலுக்குள் இருக்கும் கியர் ஒயிலையும் வடிக்கப் போனேன். அப்பா மறித்தார். "இப்ப வேண்டாம் தம்பி. இரவு முழுக்க நிக்கட்டும். தண்ணி இருந்தா அடிக்கு வரும்."

ஒக்ரோபர் 14, 2024, திங்கள்

நன்றி நவிலல் நாள். மற்றவர்கள் வான்கோழி அவிக்க, நாங்கள் கராஜில். அடி ஸ்குறூவை மெல்லத் தளர்த்தியதும் முதலில் இரண்டு மூன்று சொட்டுத் தெளிந்த தண்ணீர். பிறகு மேல் ஸ்குறூவையும் திறக்க, பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில் வந்தது. நல்ல கியர் ஒயில் தேன் மாதிரி வர வேண்டும். காற்றாடித் தண்டில் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ரப்பர் சீல் ஒன்றை அந்தத் தூண்டில் நூல் அறுத்துவிட்டது, வேறு காரணம் தேடத் தேவையில்லை.

மனம் கனத்துப் போனது. ஆனாலும் இன்றே பார்த்தது நல்லதுக்குத்தான். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். அடைபட்ட அலுமினியக் கூட்டுக்குள் அது நடந்தால் கூடு வெடிக்கும். அப்படி வெடித்த கூட்டுக்குச் சீல் மாற்றிப் பயனில்லை.

அப்பா தன் கதையைச் சொன்னார். அங்கே பனி இல்லை, உப்புதான் பகை. கரைக்கு வந்ததும் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் நிறுத்தி ஓட்டுவாராம். மண்ணெண்ணெய் எஞ்சின் அது. பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை தெரியும்போது திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காபிறேற்றரில் மண்ணெண்ணெய் நிற்கும், மறுநாள் கயிறு இழுத்துத் தோள் கழன்றுவிடும். "கடைசி அஞ்சு நிமிசம் என்ன குடிச்சுதோ, அதோடதான் எஞ்சின் படுக்கும்" என்றார்.

ஒக்ரோபர் 19, 2024, சனி

எஞ்சின் முழுவதையும் கடைக்குக் கொண்டுபோகாமல், காலின் கீழ்ப்பகுதியை மட்டும் கழற்றிக் கொடுத்தோம். சில போல்ற்றுகளும் கியர் கம்பியின் இணைப்பும்தான். இந்த மாதத்தில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இரவில் பூச்சியத்தைத் தொடுகிறது, எனவே கழுவும் ஒயில் விட்டு இரண்டு தரம் வடித்த பிறகுதான் ஒப்படைத்தேன். காத்திருக்கும் நாட்களில் கடைக்குள் உறைந்து உடைந்தால் நட்டம் என்னுடையது.

நவம்பர் 2, 2024, சனி

கீழ்ப்பகுதி வந்துவிட்டது. மேல் துளையால் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, காற்றாடித் தண்டின் சீலில் குமிழ் வந்ததைப் பார்த்ததாகத் திருத்துநர் சொன்னார். புதுச் சீல் இரண்டு. திறந்த கையோடு தண்ணீர்ப் பம்பின் ரப்பர் சக்கரத்தையும் மாற்றச் சொல்லியிருந்தேன். பழையதில் இரண்டு இதழ்கள் வளைந்தபடியே நின்றன.

திரும்பப் பூட்டுவது பொறுமையான வேலை. செங்குத்துத் தண்டின் பற்கள், தண்ணீர்க் குழாய், கியர் கம்பி மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். அப்பா அடியில் டோர்ச் பிடித்தார், நான் மேலே தூக்கினேன். மூன்றாம் தரத்தில் 'டக்' என்று இருந்தது.

கியர் ஒயிலை எப்போதும் அடித் துளையால்தான் ஏற்ற வேண்டும், அப்போதுதான் காற்று மேலால் வெளியேறும். மேல் துளையில் ஒயில் வழிந்ததும் முதலில் மேல் ஸ்குறூ, பிறகு பம்பை எடுத்துச் சட்டென்று கீழ் ஸ்குறூ. இரண்டுக்கும் புது வாஷர். காற்றாடித் தண்டில் தண்ணீர் போகாத கிறீஸ் பூசி, காற்றாடியை மாட்டி, அது கழராமல் புதுக் கொட்டர்பின்.

நவம்பர் 3, 2024, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்த நாள். வெளிக் குழாயை மூடிவிட்டோம். எஞ்சினுக்குக் கடைசி ஓட்டம் கொடுத்தே ஆக வேண்டும். அப்பா பெரிய பிளாஸ்ரிக் தொட்டியைக் காட்டினார். சலவையறைக் குழாயிலிருந்து வாளி வாளியாய்ச் சுமந்து நிரப்பி, காற்றாடியைக் கழற்றி, எஞ்சினை அதற்குள் நிறுத்தினோம். பருத்தித்துறைப் பீப்பா இங்கே எங்கள் ஸ்காபரோவில். அப்பாவின் முகத்தை அந்த நேரம் பார்க்க வேண்டும்.

சூடானதும் பெற்றோல் குழாயைக் கழற்றினேன். காபிறேற்றரில் மிச்சம் உள்ளதைக் குடித்துக்கொண்டு ஓடும்போதே காற்று போகும் வாயால், உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் ஃபொகிங் ஒயிலைத் தெளித்தேன். வெள்ளைப் புகை கக்கி, இருமி, நின்றது. காபிறேற்றர்க் கிண்ணத்தின் அடி ஸ்குறூவைத் திறந்து கடைசிச் சொட்டையும் வடித்தேன். பிளக்குகளைக் கழற்றி இரண்டு சிலிண்டருக்குள்ளும் அதே ஒயில். எஞ்சின் எழும்பாமல் இருக்கப் பாதுகாப்புக் கயிற்றை எடுத்துவிட்டு, எழுப்பும் கயிற்றை நாலு தரம் மெல்ல இழுத்தால் ஒயில் சுவரெங்கும் பரவும், பம்பில் நின்ற தண்ணீரும் கொட்டும்.

தாங்கியில் எஞ்சிய பெற்றோலைக் காரில் ஊற்றினேன். நாலு ஸ்ட்ரோக் என்பதால் சரி. ஒயில் கலந்த இரண்டு ஸ்ட்ரோக் பெற்றோலைக் காரில் ஊற்றக் கூடாது.

நவம்பர் 16, 2024, சனி

பற்றரியை வீட்டுக்குள் கொண்டுவந்து முழுதாகச் சார்ஜ் ஏற்றினேன். நிறைந்த பற்றரி மைனஸ் 50 பாகையிலும் உறையாது. முற்றாக இறங்கிப்போனது மைனஸ் 10 பாகை அளவிலேயே உறைந்துவிடும்.

எஞ்சின் கராஜ் மூலையில் ஸ்ராண்டில் செங்குத்தாக நிற்கிறது. படுக்க வைக்கவோ சரிக்கவோ கூடாது, உள்ளே ஏதாவது துளி இருந்தால் தானாகவே கீழே வடிய வேண்டும். பிளாஸ்ரிக் உறையை எடுத்தேன். அப்பா "அது வேர்க்கும்" என்று தான் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார்.

கைபிடியில் ஓர் அட்டை கட்டியிருக்கிறேன். எழுத்து அப்பாவுடையது:

"எஞ்சின் ஒயில் ஒக்ரோபர் 13. சீல், பம்ப், கியர் ஒயில் நவம்பர் 2. காற்றாடி கழற்றியபடி, பூட்டாமல் ஏரியில் இறக்க வேண்டாம். மே மாதம் முதல் ஓட்டத்துக்குப் பிறகு கியர் ஒயிலைப் பார்."