கமாண்டோவும் கும்பகர்ணனும்

எழுபதுகளின் கடைசியில் நம் பள்ளியில் படித்தவர்களுக்குக் ‘கமாண்டோ’ என்றாலே போதும். மற்றவர்களுக்காக: பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரைப் பற்றிய சித்திரக்கதைகள். கைக்கடக்கமான புத்தகம், வண்ண அட்டை, உள்ளே முழுக்கக் கறுப்பு வெள்ளை, பக்கத்துக்கு இரண்டு மூன்று படம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டி.சி. தாம்சன் நிறுவனம் 1961இல் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1958இலேயே லண்டனிலிருந்து ‘வார் பிக்சர் லைப்ரரி’ வர ஆரம்பித்திருந்தது. நமக்கு எல்லாமே சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில்தான். 1985 தீயில் அந்தக் கடைகளும் போய்விட்டன.

எத்தனை கதை படித்தாலும் வார்ப்பு நாலைந்துதான். எனக்குப் பிடித்தது கோழைக் கதை. பிரான்ஸின் டன்கிர்க்கில் கூட்டாளியை விட்டுவிட்டு ஓடியவன், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அதே இக்கட்டில் மாட்டுவான். இந்த முறை இயந்திரத் துப்பாக்கியோடு தனியாகப் பின்தங்கி, மற்றவர்கள் தப்பும்வரை தாக்குப்பிடிப்பான். ராஜா, கொடி என்றெல்லாம் வசனம் பேசமாட்டான். பக்கத்துக் குழியில் கிடப்பவனுக்காகத்தான் எல்லாம்.

பத்தாம் வகுப்பில் தமிழ் ஐயா கும்பகர்ணன் வதை நடத்திக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் பாடநூலுக்குள் இருந்த கமாண்டோ பிடிபட்டது. அது என்னுடையது. “யாருடையதுடா?” என்றதும் பக்கத்தில் இருந்தவன் எழுந்து, “என்னுதுங்கய்யா” என்றான். மணி அடிக்கும்வரை பெஞ்சு மேல் நின்றான். பாலைவனத்துச் சார்ஜென்ட் எவனும் எனக்காக இவ்வளவு செய்ததில்லை.

மறுநாள் ஐயா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். படித்திருக்கிறார்!

“இவன் யாருக்காகடா சாகிறான்?”

“கூட்டாளிக்காக, ஐயா.”

“கும்பகர்ணன்?”

“அண்ணனுக்காக.”

“அண்ணன் செய்தது தப்பென்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தானே போனான்? கூப்பிட வந்த தம்பியையும் திருப்பி அனுப்பினான். உன் புத்தகத்தில் எதிரிக்கு அண்ணன் தம்பி உண்டா?”

பதில் இல்லை. ஜெர்மன்காரர்களில் எப்போதாவது ஒரு நல்லவன் வருவான். ஜப்பான்காரனுக்கு அந்தச் சலுகையும் அபூர்வம். நம்மவர்கள்? அந்தப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். நான் படித்த புத்தகங்களில் ஒரு கூர்க்காவோ சீக்கியரோ ஓரமாக வந்துபோனதோடு சரி. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை. நந்தம்பாக்கம் போர்க் கல்லறையைப் பஸ்ஸில் கடந்து போன காலத்தில் இதெல்லாம் உறைக்கவும் இல்லை.

ஐயாவின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்தது சென்னையை விட்டு இங்கே குடியேறிய பிறகு. ‘பேட்டில்’ என்ற பிரிட்டிஷ் சித்திரக்கதை வார இதழில் 1979இல் தொடங்கிய ‘சார்லி’ஸ் வார்’ தொகுப்புகளைப் படித்தேன். பாட் மில்ஸ் எழுத்து, ஜோ கோல்கூன் படம். வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேரும் 16 வயதுப் பையன், 1916இல், முதல் உலகப் போரில், பிரான்ஸின் சோம் போர்க்களம். தம் ஆட்களைக் காப்பாற்றப் பின்வாங்கச் சொன்ன லெப்டினன்டுக்கு மரண தண்டனை கிடைக்கிறது. அவரைச் சுடும் வரிசையில் சார்லியையே நிறுத்துகிறார்கள். சுடமாட்டேன் என்று சொல்லித் தண்டனை வாங்கிக்கொள்கிறான். கமாண்டோவின் அத்தனை வீரர்களையும்விட எனக்கு இவன் ஒரு படி மேல்.

தொகுப்புகள் என் வீட்டில்தான் இருக்கின்றன. நம் பழைய மாணவர் ஆண்டு விருந்துக்கு வருகிறவர்கள் கேட்டால் தருகிறேன். திருப்பித் தந்துவிட வேண்டும்.