டைட்டில் 5: ஒரு ரசீதுக்காக இரண்டு தடவை பாலம் தாண்டிய கதை

அமெரிக்காவின் கேப் காட் (Cape Cod) தீபகற்பத்தில் இருந்த எங்கள் சின்ன வீட்டை ஒருவழியாக 2025 ஜூனில் விற்று முடித்தோம். ஆள் கிடைத்தது, விலை படிந்தது, வங்கி வேலையும் சீக்கிரமே முடிந்தது. இழுத்தடித்தது செப்டிக் டேங்க்தான்.

அது இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செப்டிக் வைத்த வீட்டை விற்க, 'டைட்டில் 5' என்ற மாநில செப்டிக் விதிப்படி எடுத்த பரிசோதனை அறிக்கை வேண்டும். என்னிடம் 2022 ஆகஸ்டில் எடுத்தது இருந்தது, அதுவும் பாஸ். தெம்பாக இருந்தேன். அது 2 ஆண்டுக்குத்தான் செல்லும் என்று ஏஜென்ட் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது. வருடாவருடம் டேங்கை இறைத்ததற்குச் சான்று இருந்தால் 3 ஆண்டு. நான் ஒரு வருடம்கூட விட்டதில்லை. ஆனால் 2023 ரசீதைக் காணோம். இறைத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். புதிதாகப் பரிசோதித்தால் பல நூறு டாலர் செலவு, புல்தரையைத் தோண்ட வேண்டும். அதெல்லாம் போகட்டும், இந்தத் தடவை ஃபெயில் ஆகிவிட்டால்?

விதிகளைத் துழாவியதில் ஒன்று கிடைத்தது. இறைக்கும் லாரிக்காரர் 14 நாளுக்குள் ஊர் சுகாதார வாரியத்துக்குப் பதிவுச் சீட்டு அனுப்பியாக வேண்டும். அப்படியானால் நகல் அங்கே இருக்க வேண்டுமே! வெள்ளிக்கிழமை கிளம்பி, கேப் காடுக்குள் நுழையும் சாகமோர் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், அன்று மதியத்தோடு அலுவலகம் மூடிவிட்டார்களாம். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம், என் புத்தி.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன். கவுன்டரில் இருந்தவர் முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "2023-க்கு எதுவும் வரவில்லை" என்றார், திரையிலிருந்து தலையைத் தூக்காமலே. திரும்பிக் கதவு வரை வந்துவிட்டேன். அப்போதுதான் பீட்சா ஞாபகம் வந்தது. எங்கள் 'ரோடு' பெயரிலேயே அந்த ஊரில் ஒரு 'லேன்' உண்டு. நாங்கள் வரவழைக்கும் பீட்சா பாதி நாள் அங்கேதான் போகும். "அந்த லேனில் இதே எண் வீட்டுக் கோப்பைப் பாருங்களேன்" என்று கெஞ்சினேன். பெருமூச்சோடு எழுந்து போனவர் இரண்டே நிமிடத்தில் வந்தார், கையில் என் பெயர் போட்ட சீட்டோடு!

விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே மண் முழுக்க மணல். சாதாரண செப்டிக் கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனைப் பெரிதாக நிறுத்தாது. அது நிலத்தடி நீரோடு விரிகுடாவுக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது, கடற்புல் சாகிறது, அதை நம்பி இருக்கும் சிப்பியும் போகிறது. ஆனால் சீட்டைச் சரியான கோப்பில் வைப்பதும் அந்த விதியில் சேர்த்திதானே?

விற்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. செப்டிக் அனுமதியில் எத்தனை பெட்ரூம் என்று முதலிலேயே பாருங்கள். ஒரு பெட்ரூமுக்கு ஒரு நாளைக்கு 110 கேலன் கழிவுநீர் என்றுதான் செப்டிக் அளவுக்குக் கணக்கு. கதவும் ஜன்னலும் இருந்த எங்கள் படிப்பறையைச் சேர்த்து ஏஜென்ட் '3 பெட்ரூம்' என்று விளம்பரம் போட்டுவிட்டார். அனுமதியில் இருந்தது 2. வாங்குபவரின் வக்கீல் பிடித்துக்கொண்டார். விளம்பரத்தைத் திருத்தினோம், விலையிலும் கொஞ்சம் இறங்க வேண்டியிருந்தது.