கியோட்டோ கியோன் திருவிழாவில் பேரனுக்காக ஒரு பிரார்த்தனை

பேரனுக்காக வேண்டிக்கொண்டபோது அந்தச் சாமியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மகளும் மருமகனும் வேலை நிமித்தமாக ஜப்பானில், கியோட்டோ நகரத்தில் இருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கரூரில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் மகள் வீடியோ அழைப்பைத் துண்டிக்காமலேயே கதவைப் பூட்டினாள். நிலைப்படிக்கு மேலே, இலை சுற்றிக் கட்டிய ஒரு கொத்து தொங்குவது தெரிந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி போன ஜூலையில் மாட்டிவிட்டுப் போன காப்பு. சமயபுரத்தாளிடம் அழுது முடித்த கையோடு அந்தக் கொத்தைப் பார்த்தும் சொன்னேன்: "வாசலில் காவல் நிற்பது நீதான். பிள்ளையை எழுப்பிக் கொடு. உன் திருவிழாவுக்கு அவனை அழைத்து வந்து உன் முன்னால் நிறுத்துகிறேன்."

பிள்ளை எழுந்துவிட்டான். வாக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஜூலையில் கிளம்பிவிட்டேன்.

அந்தக் காப்பின் பெயர் சிமாக்கி. வைக்கோலின் மேல் மூங்கில் புல்லின் இலையைச் சுற்றிக் கொத்தாகக் கட்டியிருப்பார்கள். "சோமின் ஷோராயின் சந்ததி நாங்கள்" என்று ஒரு சீட்டு அதில் இருக்கும். பயணியாக வந்த தெய்வம் ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டது. செல்வந்தனான தம்பி கொதான் கதவைச் சாத்திவிட்டான். ஏழையான அண்ணன் சோமின் தினைச் சோறு போட்டுப் படுக்க இடமும் கொடுத்தார். கொள்ளைநோய் வரும் காலத்தில், புல் வளையம் அணிந்துகொண்டு சோமின் வம்சம் என்று சொல்கிறவர்களை நோய் தொடாது என்று அந்தத் தெய்வம் வரம் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு வேளைத் தினைச் சோற்றுக்கு வம்சத்துக்கே காவல்! இதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கியோன் திருவிழா நடக்கும் யசாகா ஆலயத்தில் இருக்கும் அந்தத் தெய்வத்தை இன்று சூசானோ என்று வழிபடுகிறார்கள். 1868ஆம் ஆண்டு வரை கோசு தென்னோ என்று, எருதுத் தலை கொண்டவராக வழிபட்டிருக்கிறார்கள். சிராவஸ்தியில் புத்தர் தங்கிய ஜேதவனத்துக்குக் காவல் தெய்வம் அவர் என்பது அவர்கள் நம்பிக்கை. கியோன் என்பதே ஜேதவனத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர்தானாம். நம் பக்கத்துப் பெயரோடு அவ்வளவு தூரத்தில் ஒருவர் இருந்திருக்கிறார். கொள்ளைநோயை ஏவுகிறவரும் அவர்தான், விரட்டுகிறவரும் அவர்தான். மாரியம்மன் சந்நிதியில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 869ஆம் ஆண்டில் ஊரெங்கும் நோய் பரவியபோது, நாட்டின் 66 மாகாணங்களுக்கும் சேர்த்து 66 ஈட்டிகளை நட்டு அவரை வேண்டியிருக்கிறார்கள். அந்த ஈட்டிகள்தான் வளர்ந்து வளர்ந்து இன்று ஹோகோ என்னும் தேர்களாக நிற்கின்றன.

ஜூலை மாதம் முழுவதும் விழாதான். மகள் வீட்டில் போன உடனே எனக்குப் போட்ட முதல் உத்தரவு, வெள்ளரிக்காய் கூடாது. வெள்ளரியைக் குறுக்கே வெட்டினால் ஆலயத்தின் சின்னம் தெரிகிறதாம், அதனால் இந்த மாதம் அதைத் தொட மாட்டார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி சொல்லி மகள் கடைப்பிடிக்கிறாள். விரதம் என்று சொன்னால் எனக்குக் காரணம் வேண்டியதில்லை. ஆனால் சைவச் சாப்பாட்டுக்கு நான் பட்ட பாடு தனி. திருவிழாவுக்கென்றே விலாங்கு மாதிரி ஒரு மீனை எல்லாக் கடைகளிலும் வைத்திருக்கிறார்கள். குழம்பில் மீன் இல்லையென்று பார்த்தால் மீன் வேகவைத்த தண்ணீர் இருக்கும். கையில் கட்டிக்கொண்டு போன புளியோதரைதான் காப்பாற்றியது.

16ஆம் தேதி இரவு தேர்களைப் பார்க்கப் போனோம். 15, 16 தேதிகளில் மாலையில் ஷிஜோ சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்க விடுகிறார்கள். நடக்க என்பது பேச்சுக்குத்தான். பின்னால் வருகிறவர்கள் தள்ளுகிற திசையில் நாம் போகிறோம். சந்துகள் எல்லாம் ஒருவழிப் பாதை. ஒரு தேரைத் தவறவிட்டால் ஊரைச் சுற்றி வர வேண்டும். கரூர் வெயிலில் பழகிய உடம்பு என்று பெருமை பேசிக்கொண்டு போன எனக்கு, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தில் காற்று அசையாத புழுக்கம் தலை சுற்ற வைத்தது. குழந்தையை மருமகன் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

ஆனால் அந்த நெரிசலுக்கு நடுவே ஒரு சந்தில் குழந்தைகளின் குரல் கேட்டது. உராதே யாமா என்ற தேரின் வீதி. சுகப்பிரசவத்துக்கான காப்பு அங்கேதான் கிடைக்கும். சின்னஞ்சிறுசுகள் பருத்தி யுக்காத்தா அணிந்து வரிசையாக உட்கார்ந்து, காப்பு இங்கேதான் கிடைக்கும், மற்ற நாளில் கிடைக்காது, இன்று இரவு மட்டுமே, நம்பிக்கை உள்ளவர்கள் வாங்கிப் போங்கள், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள் என்று ஒரே ராகத்தில் பாடுகிறார்கள். மகள் மெதுவாக அர்த்தம் சொன்னாள். என் நாத்தனார் மகள் முழுகாமல் இருக்கிறாள். அவளுக்கு ஒரு காப்பு வாங்கி, மெழுகுவர்த்தியும் ஏற்றினேன்.

சிமாக்கி கிடைப்பதுதான் பெரும்பாடு. முதல் தேரான நகினாத்தா ஹோகோவின் காப்புக்கு விடியலிலேயே வரிசை நிற்கிறது, சீக்கிரமே தீர்ந்தும் விடுகிறது. பிறகு அதையே இணையத்தில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். சாமியின் காப்பைப் பதுக்கி விற்கிற கை விளங்குமா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நல்ல வேளை, தமிழில் சொன்னேன். எங்களுக்கு வேண்டிய காப்பை ஒபாச்சான் முன்பே வரிசையில் நின்று வாங்கி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு மூதாட்டியைப் பேரன் அப்படித்தான் கூப்பிடுகிறான். பணம் கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார். பழைய காப்பை நானே கொண்டுபோய் ஆலயத்தில் சேர்த்துவிட்டுக் கும்பிட்டேன். ஒரு வருடம் வாசலில் நின்ற கொத்து, வெயிலில் வெளுத்து நார்நாராக இருந்தது.

17ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தேரோட்டம். அன்று 23 தேர்கள், 24ஆம் தேதி 11. ஒய்கே சாலையில் காசு கொடுத்து உட்காரும் இருக்கைகள் உண்டு. அவற்றிலும் உயர்ந்த வகை ஒன்று அண்மைக்காலத்தில் வந்திருக்கிறது, லட்சக்கணக்கில் யென். அங்கே மது பரிமாறியதைப் பார்த்து, இது கேளிக்கை இல்லை, வழிபாடு என்று 2024இல் ஆலயத்தின் தலைமைக் குருவே வருத்தப்பட்டிருக்கிறார். எந்த ஊராக இருந்தால் என்ன, சிறப்பு தரிசனக் காசு என்று ஒன்று வந்துவிட்டால் அதன் கதை எப்படி முடியும் என்று நமக்குத் தெரியாதா? நாங்கள் கவரமாச்சி முனையில், காசில்லாத நடைபாதையில், விடியலிலேயே போய் நின்றோம்.

முதல் தேரில் ஒரு சிறுவன் உயிருள்ள தெய்வமாக ஏறி வருகிறான். சிகோ என்கிறார்கள். கால் தரையில் படக் கூடாது என்று ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டுதான் தேரில் ஏற்றுவார்கள். அவன் வாளால் ஒரே வீச்சில் குறுக்கே கட்டிய கயிற்றை வெட்டினால்தான் வழி திறக்கும். எங்கள் முனைக்குச் சற்று முன்னால் அது நடந்தது. ஓவென்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் செல்ஃபி குச்சியை உயர்த்திப் பிடித்திருந்ததில் அவர் திரையில் கயிறு விழுவதைப் பார்த்தேன். அதுவரை அந்தக் குச்சியைத் திட்டிக்கொண்டிருந்தவள்தான் நான். அந்தத் தேரில் பெண்கள் ஏறக் கூடாதாம். தாயில்லாமல் அந்தச் சிகோ எங்கிருந்து வந்தான் என்று கேட்கத் தோன்றியது. கேட்டு என்ன ஆகப்போகிறது, கீழேயிருந்தே கும்பிட்டுக்கொண்டேன்.

பெரிய தேர் ஒன்று 12 டன் எடை, உச்சி 25 மீட்டர் உயரம். ஆணி கிடையாது, எல்லாம் கயிற்றுக் கட்டு. சக்கரம் திரும்பாது. ஆகவே முனைக்கு வந்ததும் பிளந்த மூங்கிலைச் சக்கரத்தின் கீழ் பரப்பி, தண்ணீர் ஊற்றி, வடத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். முகப்பில் நிற்பவர்கள் விசிறியை வீசி யோய் யோய் என்று குரல் கொடுத்ததும், அத்தனை உயரமும் ஆடிக்கொண்டே கிறீச்சிட்டு ஒரு கோணம் திரும்புகிறது. மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர். வடம் பிடிப்பவர்களும் முட்டுக்கட்டை போடுபவர்களும் பதைப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கே மூச்சு நின்றுவிட்டது. ட்சுகி ஹோகோ என்ற தேரின் முகப்பில் தொங்கியது 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் நெய்த கம்பளம் என்று மருமகன் சொன்னார். எந்த நெசவாளியின் கையோ, எந்தச் சாமிக்கு முன்னால் போகிறதோ!

1533ஆம் ஆண்டில் ஆலய விழாவை அரசு நிறுத்தியபோது, சடங்கு இல்லாவிட்டாலும் எங்கள் தேர் ஓடட்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் இன்றும் தெரிகிறது. 1864ஆம் ஆண்டுத் தீயில் எரிந்துபோன ஒரு தேரை 2014இல் மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். கொரோனாவில் 2020, 2021 இரண்டு வருடமும் தேரோட்டம் நின்று, 2022இல் திரும்பியது.

கடைசித் தேர் போனதும் கூட்டம் கலைந்தது. திருவிழா முடிந்தது என்றே பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. சாமி இன்னும் வரவேயில்லையே! தேர்கள் வீதியில் திரியும் நோயையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் வழியைச் சுத்தம் செய்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் திரும்பியதும் அன்றைக்கே கட்டை அவிழ்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். சாமி புறப்பாடு மாலையில்.

ஒபாச்சான் யசாகா ஆலயத்தின் மேற்கு வாசல் படிக்கட்டுக்கு எதிரே வெகு நேரம் முன்னாலேயே போய் நின்று எங்களுக்கு இடம் பிடித்திருந்தார். கூன் விழுந்த உடம்பு, கையில் ஒரு விசிறி, தலையில் ஈரத் துண்டு. போலீஸ் நகரச் சொன்னால் சிரித்துக்கொண்டே குனிந்து வணங்குவார், நகர மாட்டார்.

ஆறு மணிக்கு மேல் மூன்று பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆறு பக்கமாக இருப்பது சூசானோவுக்கு, நான்கு பக்கம் தேவியார் குஷினாதாவுக்கு, எட்டுப் பக்கம் பிள்ளைகள் எண்மருக்கு. தேவியோடும் பிள்ளைகளோடும் குடும்பமாகப் புறப்படுகிற சாமி! வெள்ளைச் சட்டை அணிந்த நூற்றுக்கணக்கான ஸ்ரீபாதம் தாங்கிகள் "ஹொய்ட்டோ, ஹொய்ட்டோ" என்று முழங்கினார்கள். உச்சியில் தங்கப் பறவை மின்ன, பல்லக்கைத் தோளிலிருந்து தலைக்கு மேலே கைகளால் தூக்கிக் குலுக்கினார்கள். வெண்கல வளையங்கள் அத்தனையும் கலகலவென்று அதிர்ந்தன. தரை அதிர்ந்தது. என் உடம்பும் அதிர்ந்தது.

குழந்தையை இறக்கி விடச் சொல்லி என் முன்னால் நிறுத்தினேன். "இதோ பிள்ளை, இதோ பிள்ளை" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அப்போது அவன் தொண்டை கிழியக் கத்தினான்: "ஹொய்ட்டோ!" மறுபடி, மறுபடி. கழுத்து நரம்பு புடைக்க, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்துக் கத்தினான். குளிர்காலத்தில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் இளைத்துப்போன நெஞ்சு அது. பல்லக்குத் தூக்கிய ஒருவர் இவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் உரக்கக் கத்தினார். இவன் விடவில்லை. மகள் அழுதுகொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கொதிக்கும் கல்லில் விழுந்து கும்பிட்டேன். யார் என்ன நினைத்தார்களோ தெரியாது. அப்பா, யாரென்று தெரியாமல் கூப்பிட்டேன், வந்தாயே! தாயே குஷினாதா, பிள்ளை பெற்றவள் நீ, என் வயிற்றெரிச்சல் உனக்குத் தெரிந்ததே! தெரியாத ஊரில் என் பெண்ணின் வாசலைக் காத்த உங்களுக்கு நான் என்ன செய்துவிட முடியும்? எழுதும்போதே கை நடுங்குகிறது.

எழுந்தபோது ஒபாச்சான் என் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். அவர் ஏதோ சொல்ல, மகள் மொழிபெயர்த்தாள்: "சாமிக்கு இவன் குரல் நன்றாகக் கேட்டிருக்கும்." நான் சமயபுரத்துக் குங்குமத்தை அவர் கையில் வைத்தேன். கேள்வி கேட்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைக்குட்டையில் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு பல்லக்குகள் ஷிஜோ சாலையில் உள்ள ஒதாபிஷோ மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 24ஆம் தேதி வரை அங்கேதான் தங்கல். கடைவீதி நடுவில் வீற்றிருப்பதால் அலங்காரத்தை நிதானமாகத் தரிசிக்கலாம், நெரிசலும் அவ்வளவு இல்லை. போகிறவர்கள் இதைத் தவற விடாதீர்கள்.

31ஆம் தேதி ஆலய வளாகத்திலேயே சோமின் ஷோராயின் சிறு சந்நிதியில் விழா நிறைவு. வாசலில் ஆள் உயரத்துக்குப் புல் வளையம் கட்டியிருந்தார்கள். அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் இந்த வருடத்துக்கு நோய் அண்டாது. பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது, திரும்பத் திரும்ப நுழைய வேண்டும் என்றான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டு வழிவிட்டார்கள். வெளியே வந்ததும் பச்சைத் தேயிலைச் சாறு ஊற்றிய ஐஸ் வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனான். அந்தக் கடையிலும் வரிசை.