கப்பலை விடுங்கள், அந்த வீட்டைப் படமாக்குங்கள்

சரித்திரப் போர் நாவலைக் குறைந்த காசில் டிவி தொடராக எடுப்பது பற்றி மொரீஷியஸில் பேச்செடுத்தால், கப்பலுக்கு எங்கே போவது என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயம்தான். நம் தீவின் பெரிய போர்க்கதை, தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, 1810 ஆகஸ்டில் அவர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த கிராண்ட் போர்ட் கடற்சண்டை. ஆங்கில எழுத்தாளர் பேட்ரிக் ஓ'பிரையன் 1977இல் எழுதிய நாவலும் அந்தக் காலத்துப் படையெடுப்பைப் பற்றியதுதான். அந்தச் சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் ஃபிரிகேட் எனப்படும் பாய்மரப் போர்க்கப்பல்கள் நாலு. ஒன்றைக் கட்டவே நம்மிடம் காசு கிடையாது.

ஆனால் காசுள்ளவர்களும் இதில் சிக்கனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். 1998இல் வந்த 'ஹார்ன்புளோவர்' என்ற பிரிட்டிஷ் கடற்போர்த் தொடரில் கடலில் நிஜமாக ஓடியது பெரும்பாலும் 'கிராண்ட் டர்க்' என்ற ஒரே கப்பல், மற்றதற்கெல்லாம் மாடல்கள். 1993இல் தொடங்கிய 'ஷார்ப்' தொடர் நெப்போலியன் காலப் போர்களைக் காட்டியது, எண்ணிப் பார்த்தால் திரையில் சில டஜன் பேர்தான் இருப்பார்கள், ஆனாலும் அது நின்றது, ஏனென்றால் கதை ஒரு சின்னத் துப்பாக்கிப் படைக் கூட்டத்தைவிட்டு நகரவே இல்லை. நாவலில் உள்ள எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுப்பவர்கள்தான் கெடுக்கிறார்கள். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து முழுக் காசையும் அங்கே கொட்ட வேண்டும்.

அந்த இடம் நமக்கு இருக்கிறது. சண்டை நடந்த கரையில் இருக்கும் மஹேபூர் ஊரில் இன்று தேசிய வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கும் பழைய வீடு. அந்தச் சண்டையில் 'நெரெயிட்' கப்பலின் ஆங்கிலேயக் கேப்டன் வில்லோபிக்கு ஒரு கண் போய்விட்டது, பிரெஞ்சுத் தளபதி டியூப்பெரேவுக்குத் தலையில் காயம், இருவரையும் கொண்டுவந்து வைத்தியம் பார்த்தது இந்த ஒரே வீட்டில். முந்தின ராத்திரி வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்! இதற்கு இரண்டு கட்டில், ஒரு வைத்தியர், ரத்தம் ஊறிய துணி, வெந்நீர் சுமக்கும் ஆட்கள் போதும். இரண்டு நல்ல நடிகர்கள் கிடைத்தால் ஒரு முழு எபிசோட்.

சண்டையும் நமக்குச் சாதகமாகவே நடந்திருக்கிறது. ஆகஸ்ட் 23 சாயங்காலம் தொடங்கி இருட்டிய பிறகும் பீரங்கி ஓயவில்லை, ஆகவே கரையில் நிற்பவர்களின் முகத்தில் வெளிச்சம் விழுந்து விழுந்து மறைந்தால் போதும், சத்தத்தை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். இரண்டு ஆங்கிலேயக் கப்பல்கள் பவளப்பாறையில் தட்டி நின்றன, அதனால் அவை கடலில் பாய்ந்து போவதைக் காட்டும் செலவும் மிச்சம். அதற்கு முன் ஆங்கிலேயர் துறைமுக வாயிலில் உள்ள இல் த லா பாஸ் தீவைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டு பிரெஞ்சுக் கப்பல்களை உள்ளே இழுத்தார்களே, அந்தச் சூழ்ச்சிக்கு வேண்டியது ஒரு கொடிக்கம்பமும் கொஞ்சம் துணியும்தான்.

அப்புறம் எனக்கு உண்மையாகவே முக்கியமான விஷயம். இந்தக் கதையில் தமிழர்கள் எங்கே? பழைய பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வந்துவிட்டார்கள். கிராண்ட் போர்ட்டில் தோற்ற ஆங்கிலேயர் மறுபடி வந்து 1810 நவம்பர் 29 அன்று வடக்குக் கரையில் இறக்கிய படையிலோ சென்னை மாகாணச் சிப்பாய்கள் இருந்தார்கள். டிசம்பர் 3இல் தீவு சரணடைந்தது. அந்தப் படை வந்தது ஏறத்தாழ 70 கப்பல்களில், அவற்றில் ஒன்றைக்கூட நான் காட்ட மாட்டேன். போர்ட் லூயிஸ் தெருவில், இங்கேயே பிறந்த ஒரு தச்சர் கூரை வேலை செய்துகொண்டிருக்கும்போது சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய் ஒருவன் தமிழில் குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். அவன் ஜெயித்த பக்கம், இவர் தோற்ற பக்கம். அவர் தண்ணீர் கொடுப்பாரா, முதலில் எந்த ஊர் என்று கேட்பாரா?

அந்தக் காட்சிக்கு வசனம் எழுத யாராவது வந்தால் நானும் கூட உட்காரத் தயார்.