கொல்லை முனியாண்டிக்கு ஒரு சம்புடம் விபூதி

வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் தாத்தாவின் பித்தளைச் சம்புடத்தை அர்ச்சகரிடம் நீட்டினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. உள்ளே கொண்டுபோய் முனீஸ்வரன் பாதத்தில் வைத்து எடுத்து, விபூதியை நிரப்பித் தந்தார். ஆடி பிறந்தால் இந்தச் சம்புடம் வரும் என்று அவருக்குத் தெரியும். மூடியில் ஒரு நசுங்கல் இருக்கும். தாத்தா ரயில் பாதை பராமரிக்கும் கேங்கில் வேலை பார்த்த காலத்தில் தண்டவாளத்தில் விழுந்து நசுங்கியதாம். தட்டி நிமிர்த்த வேண்டாம் என்று அப்பாயி சொல்லிவிட்டதால் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூர் காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் ரயில் தொழிலாளர்கள் தொடங்கிய கோவில். 1932-ல் தஞ்சோங் பகார் நிலையம் திறந்தபோது குவீன்ஸ்டவுன் பக்கமாகப் புதிய பாதை போட்டார்கள். அதே ஆண்டில்தான் குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தை ஒட்டி முனியாண்டிக்கு ஒரு சிறிய குடிசைக் கோவில் எழுந்தது. காட்டுக்குள் பாதை போடுகிறவனுக்குக் காவல் தெய்வம் வேண்டாமா? பாம்பும் காய்ச்சலும் இருந்த இடம் அது. ஊரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் ஊர் எல்லையில் நின்ற சாமியையும் மனத்தில் கொண்டுவந்து தண்டவாளத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள். இப்போது இருக்கும் பெரிய ஆலயத்துக்கு 1998-ல் குடமுழுக்கு நடந்தது.

எங்கள் தாத்தா மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து மலாயா ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்தவர். தங்ளின் ஹால்ட் பக்கம் சில வருடம், கூலாயில் சில வருடம், ரெங்கத்தில் சில வருடம் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். போன இடமெல்லாம் ஒரு பிள்ளை பிறந்தது. 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது இந்தப் பக்கம் இருந்த பெரியப்பாவும் என் அப்பாவும் சிங்கப்பூர்க்காரர்கள் ஆனார்கள். அந்தப் பக்கம் இருந்த சித்தப்பாவும் இரண்டு அத்தைகளும் மலேசியர்கள். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்.

ஓய்வு பெற்றபின் தாத்தா மலேசியாவின் ஜொகூரில் ரெங்கம் போகும் வழியில் மூன்று ஏக்கர் வாங்கினார். அதைத்தான் நாங்கள் ‘கொல்லை’ என்போம். தோட்டம் என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் ரப்பர் எஸ்டேட் நினைவுதான் வரும், இல்லையா? வாங்கிய கையோடு அவர் செய்த முதல் வேலை, பலாமரத்தடியில் ஒரு கல்லை நட்டு முனியாண்டியை எழுந்தருளச் செய்தது. கல்லுக்குப் பக்கத்தில் சூலம். சூலம் சாயாமல் இருக்க ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. கூட வேலை பார்த்தவர்கள் பிரிவு உபசாரத்தில் கொடுத்ததாம்.

அந்த வருடமே பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார். சிங்கப்பூரில் தேசிய நாள் விடுமுறை எப்போதும் ஆடியில்தான் வருகிறது. அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கொல்லைக்கு வந்துவிட வேண்டும். குவீன்ஸ்வே முனியிடமிருந்து விபூதி எடுத்து வரவேண்டும். குடும்பம் இரண்டு நாடாகப் பிரிந்த அதே தேதியை ஒட்டியே ஒன்றுகூடச் சொன்னாரே, அதை யோசித்துத்தான் சொன்னாரா என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். “அப்பாட்ட யாரு கேக்குறது?” என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை மூன்றரைக்குக் கிளம்பினோம். சிங்கப்பூர் வண்டி என்றால் முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. அதை முதல் நாளே நிரப்பியாயிற்று. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் இப்போது பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்ட வேண்டாம், கியூஆர் குறியீடு காட்டினால் போதும். என்றாலும் நீண்ட வார இறுதி, நெரிசல் இருக்கத்தான் செய்தது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சம்புடம் என் மடியிலேயே இருந்தது. அதைப் பைக்குள் போடக்கூடாது, கீழே வைக்கக்கூடாது என்பது அப்பாயி விதித்த விதி. பாலத்தின் நடுவில் பொழுது விடிந்தது. இடப்பக்கம் ஜலசந்தி வெள்ளித் தகடு மாதிரி கிடந்தது. பெரியம்மா முன்சீட்டில் கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கோவிலில் இறங்கிக் கும்பிட்டோம். சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்த கோவில். குழந்தைகளுக்கு அங்கிருந்து வர மனமே இல்லை. அதுவும் ரயில் பாதைக்குப் பக்கத்துக் கோவில்தான். இந்த மண்ணில் தண்டவாளத்தை ஒட்டி நடந்தால் சாமி கும்பிட்டுக்கொண்டே போகலாம் என்று தோன்றும் எனக்கு.

கூலாய் தாண்டிச் செம்பனைக் காடு தொடங்கியதும் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். செம்மண் பாதை, கம்பி வேலி, அப்புறம் அந்தத் தகரக் கூரை. சித்தப்பா கைலியோடு வாசலில் நின்றார். கோலாலம்பூர் அத்தை குடும்பம் முதல் நாளே வந்திருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று பேர். வண்டியிலிருந்து இறங்கியதும் யாரும் வீட்டுக்குள் போகமாட்டோம். கிணற்றடியில் கால் கழுவி, நேராகப் பலாமரம். சம்புடத்தை சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் திறந்து, ஒரு கை விபூதியை அள்ளிக் கல்லின்மேல் தூவினார். பிறகுதான் “வாங்க, வாங்க” என்று வாய் திறந்தார்.

கொல்லையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம். முன்னால் ரம்புத்தான் நாலு, பின்னால் டுரியான் பதினொன்று, ஓரமாகத் தென்னை, கிணற்றைச் சுற்றி வாழை. அப்பாயி ஊன்றிய முருங்கை ஒன்று சாய்ந்தபடியே காய்த்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி டுரியான் விழும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் டார்ச்சோடு ஓடும். நாங்களும் அப்படி ஓடியவர்கள்தான். பதின்மூன்றாவது மாடியில் பிறந்து வளரும் என் தம்பி மகனுக்குக் கோழி முட்டையைச் சூடாகக் கையில் வாங்குவது இங்கேதான் வாய்க்கிறது. அவன் அந்த முட்டையை அரை மணி நேரம் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான்.

சனிக்கிழமை முழுக்கச் சமையல் ஏற்பாடும் பழங்கதையும். மாலையில் ஒரு பேச்சு எழுந்தது. சில வருடமாகவே எழுகிற பேச்சுதான். மேடை கட்டி, கூரை போட்டு, சிறிய விமானம் வைத்து முறையான கோவிலாக ஆக்கிவிடலாம் என்று இளையவர்கள் சொன்னார்கள். செலவுக்குப் பணமும் இருக்கிறது. பெரிய அத்தை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “வெயிலும் மழையும் படத்தான் அவரு வெளியில நிக்கிறாரு.” நான் அத்தை பக்கம். அங்கே காமன்வெல்த்தில் அவர் கோபுரத்தோடு இருக்கட்டும், அது அவருக்குப் பெருமை. இங்கே பலா இலை தலையில் உதிரட்டும். இரண்டு இடத்திலும் அவர்தானே.

ஞாயிறு காலை படையல். முதலில் பிள்ளையாருக்குச் சர்க்கரைப் பொங்கலும் வடையும். எங்கள் வீட்டில் பாதிப்பேர் சைவமாகிவிட்டதால் சைவப் படையல் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில். அது முடிந்த பிறகு முனியாண்டிக்குத் தலைவாழை இலை. பச்சரிசிச் சோறு, கொல்லைக் கோழிக் குழம்பு, கருவாடு, அவித்த முட்டை, மொச்சை, கொழுக்கட்டை, சுருட்டு. ரெங்கம் எஸ்டேட்டிலிருந்து உறுமி அடிக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். சாம்பிராணிப் புகை பலாமரத்தின் கிளைவரை ஏறியது. உறுமி கனமாகக் கனமாகச் சித்தப்பாவுக்கு உடம்பு சிலிர்த்து அருள் வந்தது. எழுபத்தொரு வயது. முட்டிவலிக்காரர். அந்த நேரத்தில் மட்டும் எப்படிக் குதிக்கிறார் என்று டாக்டருக்குப் படிக்கும் அவர் பேத்தியே கண் கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருள் வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “என் பிள்ளைங்க எல்லாரும் வந்துட்டாங்களா?”

அந்தக் கேள்வி கேட்கும்போதெல்லாம் எனக்கு 2022 ஞாபகம் வந்துவிடும். 2020 மார்ச் 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பாலம் மூடியது. இரண்டு ஆடி போய்விட்டது. சித்தப்பா ஜொகூர் பாருவில் பிள்ளை வீட்டில் மாட்டிக்கொண்டார், மாவட்ட எல்லை தாண்ட முடியாது. கொல்லையில் யாரும் இல்லை. தாத்தா நட்ட கல்லுக்கு விளக்கு இல்லாமல் போகிறதே என்று பெரியம்மா தினமும் அழுதார். அப்போது ஒரு வெள்ளிக்கிழமை சித்தப்பாவின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பலாமரத்தடியில் மூன்று ஊதுபத்தி புகைகிறது. ஒரு ஆரஞ்சுப் பழம். ஒரு கோப்பைக் கறுப்புக் காப்பி. வெற்றிலை, பக்கத்தில் ஒரு சிகரெட்.

அனுப்பியவர் பக்கத்து நிலத்தில் கீரை போடும் சீனப் பெரியவர். அவர் நிலத்து மூலையில் டத்தோ கோங் என்னும் காவல் தெய்வத்துக்கு ஒரு சிவப்புப் பெட்டிக் கோவில் உண்டு. அங்கே வைப்பதையே பிரித்து எங்கள் முனியாண்டிக்கும் வைத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் படம் வந்தது. குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் அந்தப் படம் வந்ததும் பெரியம்மா கைப்பேசியைச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிடுவார். சித்தப்பா நன்றி சொன்னபோது அவர் மலாயில் சொன்னாராம், உங்கள் டத்தோ எனக்கும் டத்தோதான் என்று. மலாயில் டத்தோ என்றால் தாத்தா.

2022 ஏப்ரல் 1-ல் பாலம் முழுவதுமாகத் திறந்தது. அந்த ஆடியில் நாங்கள் வந்து நின்றபோது சித்தப்பாவுக்கு அருள் வந்தது. எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்கவில்லை. “ரெண்டு வருசமா எங்கடா போனீங்க?” என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. அழுகைதான் வந்தது. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வேலி ஓரமாகத் தயங்கி நின்ற அந்தப் பெரியவரின் கையைப் பிடித்து இழுத்து வந்து, கல்லுக்கு முன்னால் நிறுத்தி, காமன்வெல்த் விபூதியை அவர் நெற்றி நிறையப் பூசினார். பெரியவர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அன்று முதலாவது இலைச் சோறு அவருக்குத்தான் போனது.

இந்த முறை அந்தப் பெரியவர் இல்லை. சித்திரையில் போய்விட்டார். “என் பிள்ளைங்க எல்லாரும் வந்துட்டாங்களா?” என்று சித்தப்பா கேட்டபோது யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பெரியவரின் மகன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். பெரிய அத்தை போய் அழைத்து வந்தார். என் தம்பி மகன் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வந்து தண்டவாளத் துண்டின் பக்கத்தில் வைத்தான். பெரியவர் அனுப்பிய எல்லாப் படத்திலும் பழம் இருந்த இடம் அதுதான். சித்தப்பா அந்த மகனின் நெற்றியில் விபூதி பூசிவிட்டு மலையேறினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போலப் பாயை விரித்துப் பாதிப்பேர் தூங்கினோம். கிளம்பும்போது சித்தப்பா கொல்லை வாழையில் இரண்டு சீப்பு வெட்டித் தந்தார். அது திரும்பக் காமன்வெல்த் முனீஸ்வரனுக்குப் போகவேண்டியது. போகும்போது விபூதி, வரும்போது பழம். நடை சாத்துவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மூன்று மணிக்கே புறப்பட்டோம். பாலத்தில் நாலரை மணி நேரம் நின்றோம். கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. பழத்தை வீட்டுச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். அறை முழுக்க வாழைப்பழ வாசனை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் காலைப் பூசைக்கே போய்விட்டேன். ஒரு பழம் கறுத்திருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். அர்ச்சகர் தட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“கொல்லைப் பழமா?” என்றார்.

“ஆமாங்க சாமி.”

உள்ளே கொண்டுபோய் வைத்தார்.