டேங்க் கேஸ்கெட் மாற்றப் போய் மூன்று வாரம்: எங்கள் 1966 செரோக்கி விமானம்

முதலில் கண்டுபிடித்தது பின் சீட்டில் இருந்த என் மகள்தான். "அப்பா, பெட்ரோல் பங்க்ல நிக்கற மாதிரி வாசனை வருது" என்றாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் உடனே திரும்பி இறங்கிவிட்டேன். குனிந்து பார்த்தால், இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், அடிப்பக்கம் நீலக் கறை. சிறு விமானங்களுக்கு ஊற்றும் 100எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். கசிந்து காய்ந்தால் அந்தச் சாயம் மட்டும் படிந்து நிற்கும். துடைத்து வைத்தேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே கறை. அன்றோடு பறப்பதை நிறுத்தினேன். அந்த வாசனையோடு "இன்னும் ஒரு தடவை போய்வரலாம்" என்று யாரும் நினைக்க வேண்டாம். கேபினுக்குள் வாசனை வருகிறது என்றால், பெட்ரோல் ஆவி சுவிட்சும் ஒயரும் இருக்கிற இடம்வரை வந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்களுடையது பைப்பர் செரோக்கி 140. இதில் டேங்க் இறக்கைக்குள் ஒளிந்திருக்கும் பை கிடையாது. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு பகுதியே டேங்க்தான். பக்கத்துக்கு 25 கேலன், அதாவது சுமார் 95 லிட்டர். வெளித்தகட்டின் ஓரம் முழுக்க ஸ்க்ரூ அடித்து இறக்கையோடு பிடித்திருப்பார்கள். டேங்கின் சுவர்களில் விமான உடலைப் பார்த்த சுவரில் மிதவை யூனிட் இருக்கும். உள்ளே மிதவை ஏறி இறங்க, பேனலில் முள் நகரும். அந்த யூனிட்டுக்கும் டேங்குக்கும் நடுவில், கசியாமல் அடைக்க ஒரு கேஸ்கெட். எங்களுடையதில் இருந்தது பழைய கார்க் கேஸ்கெட். கார்க் வருஷக்கணக்கில் காய்ந்து சுருங்கும், அப்புறம் அதன் வழியே பெட்ரோல் ஊறும். விமானத்தை டேங்க் காலியாக நிறுத்தி வைப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

அமெரிக்காவில் விமானம் வைத்திருப்பவர், பைலட் லைசென்ஸ் இருந்தால், சில வேலைகளைத் தானே செய்து, விமானத்துக்குச் செய்த வேலைகளை எழுதி வைக்கும் லாக்புக்கில் கையெழுத்துப் போடலாம். அங்கே விமானங்களுக்கு விதி போடும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளில் 43-ஆம் பகுதியில் அந்தப் பட்டியல் இருக்கிறது. டேங்கைக் கழற்றுவது அதில் இல்லை. லைசென்ஸ் உள்ள மெக்கானிக் கூட இருந்து மேற்பார்க்க நான் செய்யலாம், கையெழுத்து அவருடையது. எங்கள் மெக்கானிக் எழுபது வயதுக்காரர், செரோக்கியை மனப்பாடமாகத் தெரிந்தவர். முதல் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பே அவரிடம் பேசியதுதான் நான் செய்த உருப்படியான காரியம்.

பெட்ரோலை வடித்தோம். உலோக கேன், விமானத்துக்கும் கேனுக்கும் எர்த் ஒயர், ஹேங்கர் கதவு முழுக்கத் திறந்து. பிளாஸ்டிக் புனலை அவர் கிட்டேயே கொண்டுவர விடவில்லை. ஒரு பொறி போதும். இந்தப் பெட்ரோலில் ஈயமும் உண்டு, கையுறை கட்டாயம்.

அப்புறம் ஸ்க்ரூக்கள். என் மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை இவைதான் தின்றன. அறுபது வருஷ துரு, பெயின்ட், வேறு வேறு ஆட்கள் போட்ட வேறு வேறு ஸ்க்ரூ. ஒரு வரிசையிலேயே மூன்று வகை இருந்தது. கடைத்தெரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூகூட இருந்தது. பார்க்க பளபளவென்று இருக்கும், ஆனால் இந்த இடத்துக்கு அது இல்லை. இங்கே ஸ்க்ரூ வெறுமனே மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, பறக்கும்போது இறக்கையின் பாரத்தில் பங்கெடுக்கிறது. பாகங்கள் புத்தகத்தில் போட்டிருக்கும் ஸ்க்ரூவை மட்டும் வாங்குங்கள், நீளம் உட்பட.

முதல் நாள் அவசரத்தில் நான்கு ஸ்க்ரூவின் தலையை வழித்துவிட்டேன். மெக்கானிக் வந்து பார்த்து, என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி கீழே வைத்தார். எல்லா ஸ்க்ரூவிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இரண்டு இரவு அப்படியே விடச் சொன்னார். மூன்றாம் நாள் புது பிட், அதன் நுனியில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் ஒரு துளி. அந்தப் பேஸ்டில் இருக்கும் துகள் ஸ்க்ரூ தலைக்குள் கடித்துப் பிடித்துக்கொள்ளும், பிட் நழுவாது. சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரை மெதுவாகப் பயன்படுத்தினோம். நான் வழித்த நான்கைத் தவிர மீதி எல்லாம் வந்துவிட்டன. அந்த நான்குக்குத் தலையைத் துளையிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அதில் இரண்டு இடத்தில் நட்பிளேட், அதாவது ஸ்க்ரூ போய் இறுகும் உள்பக்க நட், ஸ்க்ரூவோடு சேர்ந்து சுழன்றதால் ரிவெட் அடித்து மாற்றினோம். எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்தால் இவ்வளவும் மிச்சம்.

டேங்கை இழுக்க இரண்டு பேர் வேண்டும். கொஞ்சம் முன்னால் இழுத்து, அந்த இடைவெளியில் கைவிட்டு பெட்ரோல் குழாய், காற்று போய்வரும் வென்ட் குழாய், மிதவை ஒயர் மூன்றையும் விடுவிக்க வேண்டும். அது தெரியாமல் ஒரேயடியாக இழுத்தால் குழாய் மடங்கும். என் மகளின் கை சிறியது, அவள்தான் கழற்றினாள். டேங்க் வெளியே வந்தால்தான் அதன் பின்னால் உள்ள ஸ்பார், அதாவது இறக்கையைத் தாங்கும் நீள உத்தரம், முழுசாகத் தெரியும். அங்கே அரிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி பைப்பரே சேவை அறிக்கை விட்டிருக்கிறது. டார்ச் அடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது.

மிதவை யூனிட்டைக் கழற்றியபோதுதான் வயிறு எரிந்தது. எப்போதோ யாரோ, கேஸ்கெட் மாற்றாமல், கசிவை அடைக்க சிலிக்கான் ரப்பரை அப்பியிருக்கிறார்கள். பெட்ரோலில் சிலிக்கான் ஊறி உப்பி, துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் டேங்க் வாய்க்குள் இருக்கும் சல்லடையில் நான்கைந்து துண்டுகள் சிக்கியிருந்தன. இன்னும் கொஞ்சம் சேர்ந்திருந்தால் மேலே போகும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைந்திருக்கும். பின் சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு இதில் இத்தனை நாள் பறந்திருக்கிறேன். லாக்புக்கில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. பழைய விமானம் வாங்குகிறவர்கள் சல்லடையைக் கழற்றிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அடுத்தது பாகங்கள். ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி ஒரு கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என் பார்ட் நம்பரைப் பார்க்கவே இல்லை. "எல்லா செரோக்கிக்கும் இதுதான்" என்று ஒரு கேஸ்கெட்டும் ஒரு கவர் ஓ-ரிங்கும் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) கொடுத்தார். ஹேங்கருக்கு வந்து வைத்துப் பார்த்தால் கேஸ்கெட்டில் ஒரு துளை தள்ளி இருக்கிறது. ஓ-ரிங் கவரைப் பார்த்த மெக்கானிக் தலையை ஆட்டினார். அதில் எம்.எஸ்.28775 என்று இருந்தது. அது ஹைட்ராலிக் எண்ணெய்க்கான ஓ-ரிங். பெட்ரோலுக்கு எம்.எஸ்.29513 வேண்டும். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எண்ணைப் படித்தால் மட்டுமே தெரியும். டேங்க் அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வுக்கு அந்தத் தப்பான ஓ-ரிங்கைப் போட்டிருந்தால் கொஞ்ச நாளில் மறுபடி கசிவு, மறுபடி இதே வேலை. திருப்பிக் கொடுக்கப் போனால், கவர் பிரித்துவிட்டதால் பணம் கிடையாது என்றார்கள். சண்டை போடத் தெம்பில்லாமல் வந்துவிட்டேன். சரியானதை வேறு இடத்தில் எண்ணோடு சொல்லி வாங்க இன்னும் ஆறு நாள்.

இந்த ஆறு நாளில் தெரிந்துகொண்ட ஒன்று: கேஸ்கெட் எங்கும் கிடைக்கவில்லை என்றால், உரிமையாளரே சரியான மூலப்பொருளில், அசல் அளவில், தன் விமானத்துக்கு மட்டும் செய்துகொள்ள விதிகளில் வழி இருக்கிறது. மெக்கானிக்கோடு பேசி, எதை வைத்துச் செய்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும். எனக்குத் தேவைப்படவில்லை.

பெட்ரோல் ஊற்றும் மூடியின் கேஸ்கெட், வடிகால் வால்வு இரண்டும் பத்து நிமிஷ வேலை. மிதவை யூனிட்டின் ஸ்க்ரூ துளை வழியாகவும் பெட்ரோல் வரும் என்பதால் மரைகளுக்குப் பெட்ரோல் தாங்கும் பாலிசல்பைடு சீலன்ட் வைத்தோம். நாங்கள் எடுத்தது பி-2 என்ற வகை; பி-2 என்றால் கலந்தபின் சுமார் இரண்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்று கணக்கு. ஆனால் அது அறை வெப்பத்துக்கான கணக்கு. ஒஹாயோவில் மார்ச் மாத ஹேங்கர் அறை வெப்பத்தில் இருக்காது. இரண்டு நாள் கழித்தும் விரல் ஒட்டியது. டேங்கை வீட்டு கராஜுக்குத் தூக்கி வந்து ஹீட்டர் போட்டுவிடலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். பெட்ரோல் நின்ற டேங்கை வீட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது என்று கோபமாகவே சொன்னார். காத்திருந்தோம். கலந்ததில் மிச்சத்தை ஒரு தகட்டில் தடவி பக்கத்தில் வையுங்கள். அது இறுகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தால் போதும், டேங்கைத் தொட வேண்டாம்.

கசிவு பார்க்கக் கம்ப்ரசர் காற்றைப் பயன்படுத்தாதீர்கள், மெல்லிய தகடு உப்பிவிடும். மற்ற வாய்களை அடைத்து, ஒன்றில் பலூனை மாட்டி லேசாக ஊதினோம். சோப்புத் தண்ணீர் தடவினோம். குமிழ் இல்லை. பலூன் ஒரு மணி நேரம் சுருங்கவில்லை. அன்றைக்கு ரொம்ப நாளுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாட்டி முடித்து, மாஸ்டர் சுவிட்சைப் போட்டால், இடது முள் அசையவில்லை. மனசு விட்டுப் போயிற்று. காரணம் சின்னது. யூனிட்டுக்கு எர்த் கிடைப்பது ஒரு ஸ்க்ரூ தலைக்கடியில் இருக்கும் ஒயர் வழியாக. நான் தாராளமாகத் தடவிய சீலன்ட் அந்த முனைக்கும் உலோகத்துக்கும் நடுவில் புகுந்திருக்கிறது. டேங்கை மறுபடி முன்னால் இழுத்து, முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினோம். ஒரு முழுச் சனிக்கிழமை. டேங்கை மூடுவதற்கு முன்பே மிதவையைக் கையால் தூக்கி முள் அசைகிறதா என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிஷம்.

ஐந்து ஐந்து கேலனாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். பெட்ரோல் ஊற்றும் வாய்க்குள் இருக்கும் தகட்டு அடையாளத்தை எட்டியபோது 18 கேலன், புத்தகத்தில் உள்ளபடியே. இறக்கைக்கு அடியில் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டு வந்தேன். காலையில் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்தும் அப்படியே.

இனி வலது டேங்க். அதன் ஸ்க்ரூக்களுக்கு நேற்றே எண்ணெய் விட்டுவிட்டேன். சனிக்கிழமை வரை தொடப்போவதில்லை.