திருவாதிரை மங்கிய சில நொடிகள்

அம்மாவின் நட்சத்திரம் திருவாதிரை. அதைப் பார்க்க மாட்ரிடிலிருந்து ரயிலேறிப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் சிரித்தார்கள். மொட்டைமாடிக்குப் போனால் தெரியாதா என்றார்கள். தெரியும்தான். ஆனால் 2023 டிசம்பர் 12 பின்னிரவில் லியோனா என்ற சிறுகோள் அதற்கு முன்னால் கடக்கப்போகிறது. அந்தச் சில நொடி மறைப்பு ஒரு குறுகிய பட்டைக்குள் நிற்பவர்களுக்கு மட்டும்தான். துருக்கி, கிரீஸ், தெற்கு இத்தாலி, தெற்கு ஸ்பெயின், அப்புறம் அட்லாண்டிக்கைத் தாண்டி புளோரிடா, மெக்சிகோ என்று நீளும் அந்தப் பட்டையில் மாட்ரிட் இல்லை.

முந்தைய வாரம் அம்மாவிடம் போனில் சொன்னேன். "என் நட்சத்திரத்தையா மறைக்குது? எனக்கு ஏதாவது தோஷமாடா?" என்றார். கல்லுதாம்மா, கிரகணம் இல்லை என்றேன். அவ்வளவாகச் சமாதானம் ஆகவில்லை.

கல்தான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிறது, 1891-ல் கண்டுபிடித்தார்கள். மூன்று மாதம் முன்பு, செப்டம்பரில், அது வேறொரு மங்கலான விண்மீனை மறைத்தபோது பல இடங்களிலிருந்து நேரம் குறித்து அதன் அளவைக் கணக்கிட்டிருந்தார்கள்: சுமார் 80-க்கு 55 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம்தான். சாதாரண விண்மீன் நமக்கு வெறும் புள்ளி. சிறுகோள் குறுக்கே வந்தால் சுவிட்சைத் தட்டினது போல அணைந்துவிடும். திருவாதிரை அப்படியில்லை. ஐநூறு ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும், அதன் வட்டு வானத்தில் ஏறக்குறைய லியோனாவின் அகலத்துக்கு இருக்கிறது. அதனால் முழுசாக மறையுமா, ஓரத்தில் வளையம் மாதிரி மிஞ்சுமா என்று முன்கூட்டி அடித்துச் சொல்ல ஆளில்லை. ஒளி எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்று பதிவு செய்தால் அந்த விண்மீனின் மேற்பரப்பில் எங்கே பிரகாசம், எங்கே மங்கல் என்று ஊகிக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஆசை. என் ஆசை அவ்வளவு பெரியதில்லை.

கோர்டோபாவில் இறங்கி, வாடகைக் காரில் டோன்யா மென்சியா என்ற மலையடி ஊருக்குப் போனேன். வழி முழுக்க ஆலிவ் தோப்பு. அறுவடைக் காலம், மரத்தடியில் வலை விரித்து, கிளைகளை உலுக்கிக் கொண்டிருந்தார்கள். இருட்டிய பிறகும் ஆலைப் பக்கமிருந்து வாசனை வந்தது. நம்மூர்ச் செக்கு வாசனையை எதிர்பார்த்தேன். இது பச்சைப் புல்லை நசுக்கிய மாதிரி காரமாக இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு தோப்போரம் காரை நிறுத்தினேன். முக்காலி, கேமரா, கையுறை, பிளாஸ்கில் காப்பி எல்லாம் இருந்தன. மெமரி கார்டு மட்டும் மாட்ரிடில், லேப்டாப்பிலேயே இருந்தது. ஐந்து நிமிடம் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் பானெட் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் அது நல்லதுதான். இருந்திருந்தால் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அமாவாசை இருட்டு. அவ்வப்போது ஜெமினிட் எரிகற்கள் ஒன்றிரண்டு கிழித்துக்கொண்டு போயின. தெற்கே உயரத்தில் திருவாதிரை சிவப்பாக நின்றது. அதற்கு வலப்பக்கம் மேலே ரோகிணி. ஒப்பிட்டுப் பார்க்க ரோகிணியைக் குறித்து வைத்துக்கொண்டேன். திருவாதிரை அதைவிடக் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது.

மணி 2.15-ஐ நெருங்கியது. கண் சிமிட்டவே பயமாக இருந்தது. உற்றுப் பார்த்தால் எந்த நட்சத்திரமும் ஆடுகிற மாதிரிதான் தோன்றும். இரண்டு தடவை ஏமாந்தேன். மூன்றாவது தடவை சந்தேகமே இல்லை. திரியைக் கீழே இழுத்த அகல் போலச் சிவப்பு உள்ளே வாங்கியது. ரோகிணியைவிட மங்கல். அதற்கும் கீழே. அணையவில்லை, ஒரு பொட்டு மிச்சம் இருந்தது. எண்ணத் தொடங்க நினைத்து மறந்துபோனேன். திரும்ப ஏறியதும் அதே நிதானத்தில்தான். பக்கத்துத் தோப்பில் ஒரு நாய் குரைத்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஊரில் காலை ஆறே முக்கால் இருக்கும். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"போச்சா?"

"முழுசாப் போகலைம்மா. மங்கிட்டுத் திரும்ப வந்துடுச்சு."

"வந்துடுச்சுல்ல? சரி, இன்னைக்கு அமாவாசை. வாழைக்காய் வாங்கணும், அப்புறம் பேசு."